இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என்னங்க,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாததால், நீங்கள் போன பிறகும் இப்படித்தான் வருகிறது. அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகின்றன. அவை எழுந்திருப்பதற்குள் எழுதிவிட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.

நம் கார்த்திகாவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று திருமயம் பக்கம், வீட்டிலிருந்து அரைமணி நேரம். இன்னொன்று கோயம்புத்தூரில், ஹாஸ்டலில் தங்க வேண்டும். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். இரண்டையும் நானும் அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

திருமயம் கல்லூரியில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பையன்களுக்கு ஒரு மாடிப்படி, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. கேன்டீனில் அத்தனை பிள்ளைகள் இருந்தும் தட்டுச் சத்தம்தான் கேட்டது. "இங்கிட்டு விட்டுட்டீங்கன்னா ஒங்க வீட்டுக்குள்ள இருக்க மாதிரிம்மா" என்றார் ஆபீஸில் ஒருவர். என் வயிற்றில் பாலை வார்த்தார். கார்த்திகா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரில் மரத்தடியில் ஒரு கூட்டம் பறை அடித்துப் பழகிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளைகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார்கள். இருட்டப் போகிறது, ஒருத்தியும் ரூமுக்குத் திரும்புகிற வழியாக இல்லை. அங்கே மூன்றாம் வருஷம் படிக்கிற ஆவுடையார்கோவில் ஊர்ப் பிள்ளை ஒன்று, எங்கள் வாயில் நம் பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு ஓடி வந்தது. "மொத மாசம் பாத்ரூம்ல போயி அழுதேங்கம்மா. இப்ப லீவு விட்டாக்கூட ஊருக்கு வரமாட்டேங்கிறேன்னு எங்கம்மா வையுது" என்று சொல்லிச் சிரித்தது. கார்த்திகாவும் சிரித்தாள். குவைத்திலிருந்து நீங்கள் பெட்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து, அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"அய்யனார் கோவில்ல பூக் கட்டிப் பாத்துருவோம்டி" என்றேன். நம் வழக்கம்தானே. இரண்டு நிறப் பூவை இரண்டு பொட்டலமாக மடித்துச் சாமி காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் திருமயம், சிவப்பு வந்தால் கோயம்புத்தூர்.

நீங்கள் குவைத்துக்குப் போவதா வேண்டாமா என்று பார்த்தபோது சிவப்பு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? "சாமியே சொல்லிருச்சு, கெளம்புங்க" என்று சொன்னது இந்த வாய்தான். திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அழுதுவிடுவேனோ என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுதான் கடைசி.

அதனால் இந்தத் தடவை சாமியை நம்பி விடவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். கோவிலுக்குள் நின்று, கூசாமல்.

கார்த்திகா கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். "சரிம்மா. சாமியே சொல்லிருச்சுல்ல" என்றாள். பாவி மகள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்து, போன் கவருக்குள் வைத்திருந்த அந்த ஆவுடையார்கோவில் பிள்ளை எழுதிக் கொடுத்த நம்பர்ச் சீட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அதைப் பொறுக்கி உங்கள் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரிக்காத பொட்டலமும் அங்கேதான் இருக்கிறது. ஏன் பொறுக்கினேன்? நீங்களாவது சொல்லுங்களேன்.

நேற்று ராத்திரிச் சோற்றை அவள் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். தட்டுச் சத்தம் மட்டும்தான். இப்படியே நாலு வருஷமா? அனுப்பினாலும் பயம், வைத்துக்கொண்டாலும் பயம். இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஒரு பிள்ளை முழித்துக்கொண்டது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

இன்று விளக்கு வைத்ததும் அந்தப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். என்னை வையட்டும், பேசாமல்கூட இருக்கட்டும். அப்புறம் பூ வேண்டாம், எந்தக் கல்லூரி என்று அவளே சொல்லட்டும். கோயம்புத்தூர் என்றால் நானே கூட்டிப் போய்ப் பஸ் ஏற்றிவிடுவேன். பயமாகத்தான் இருக்கும். பஸ் நகரும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள் இல்லையா, அப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேங்க.

உங்கள் வீட்டுக்காரி,
கார்த்திகாவின் அம்மா