பயிற்சிக்கூடத்து மேஸ்திரிக்கு

உன்னிடம் முதலில் சொல்ல வேண்டியவற்றை நாள் பிசகாமல் சொல்லிவிடுகிறேன்.

1. ஆவணி முதல் திங்கள்: நம் பயிற்சிக்கூடத்தைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்லி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். எழுத்தில் எதுவும் கொண்டுவரவில்லை.

2. புரட்டாசிப் பௌர்ணமிக்கு மறுநாள்: மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குவதற்கான மூன்று சக்கர வண்டிகள் லாரியில் வந்து இறங்கின. தையல் இயந்திரங்களும் தராசும் மின்சாரம் இல்லாத தாழ்வாரத்துக்குப் போயின. கூடத்துக்குப் புதுப் பூட்டு போட்டார்கள்.

3. தீபாவளிக்கு முந்தைய வெள்ளி: சிறப்பு விருந்தினருக்கு நாள் ஒத்துவராததால் வண்டி வழங்கும் விழா தள்ளிப்போனது. வண்டிகள் இன்னும் உள்ளேயே நிற்கின்றன. அவற்றில் ஏற வேண்டியவர்கள் தவழ்ந்தும் ஊன்றியும் வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

4. நேற்று: விழாவுக்காகச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்.

அவருக்காகப் பூட்டைத் திறந்தபோது நானும் உள்ளே நுழைந்தேன். புது ரப்பர் நெடி மூக்கை அடைத்தது. கைப்பிடிகளில் பாலிதீன் உறைகூடக் கிழிக்கப்படாத வண்டிகளைத் தாண்டிக் கிழக்கு மூலைக்குப் போனேன். உன் வெற்றிலைக் கறை அங்கேயே இருந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை, காய்ந்த செங்கல் நிறத்தில்.

வெள்ளையடிப்பவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது ரெண்டு கோட்டு அடிச்சாலும் போவாது சார். எவன் சார் துப்பினான் இப்புடி?"

"மேஸ்திரி."

"எந்த ஆலை மேஸ்திரி?"

"இந்தக் கூடத்து மேஸ்திரி. ஆலையெல்லாம் கிடையாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு நேற்று இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் கல்லூரியை முடித்து வந்த அந்த ஆண்டுகளில் மாவட்டமே இட ஒதுக்கீட்டைப் பற்றித்தான் பேசியது. பொருளாதாரம் படித்த திமிரில் நான் கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் பங்குக் கணக்குகளை விளக்கிக்கொண்டிருப்பேன். போலியோ சூம்பவைத்த காலைக் கையால் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துவிட்டு நீ கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள் சொன்னாய்: "கை கால் வராத எங்களுக்கும் ஒரு பங்கு காகிதத்துல இருக்குது. வருசா வருசம் தகுதியான ஆளு கெடைக்கலன்னு எழுதி மூடிடுறான். அதுக்கு நான் ரோட்டுல போய்ப் படுக்கலாம். படுத்தா எழுப்பிவிட ரெண்டு ஆளு வேணும். அதைவிடத் தகுதியான ஆளைக் கொண்டுபோய் அவன் எதிர்ல நிறுத்தறது சுலபம்."

அப்படித்தான் பாழடைந்து கிடந்த அரசுக் கிடங்கு ஒன்றைக் கேட்டு வாங்கினாய். அதற்குள் நீ கட்டியது ஒரு பொய் ஆலை. எந்த ஆலையில் ஆள் எடுப்பதாகக் காதில் விழுந்தாலும் முதலில் நீ அங்கே போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்ப்பாய். சங்கு எப்போது ஊதுகிறது, மூட்டை எங்கிருந்து எங்கே போகிறது, யார் யாரை எப்படித் திட்டுகிறார்கள் என்று பார்த்து வந்து, அதையே இங்கே நடத்துவாய். மேஸ்திரி நீதான். வடக்கனந்தலில் அதிர்ந்து பேசாதவன் என்று பெயர் எடுத்த நீ, கூடத்துக்குள் வந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுவாய். "எருமை, எடையைப் பாத்து சொல்லு. வூட்டுலயா உக்காந்துகினு இருக்க?"

எனக்கு அது பொறுக்கவில்லை. ஏற்கெனவே நொந்தவர்களை ஏன் திட்டுகிறாய் என்று சண்டைக்கு வந்தேன். "பாவம்னு சொல்றவன் கஞ்சி ஊத்துவான், வேலை தர மாட்டான்" என்றாய். "திட்டு வாங்கினதே கெடையாது இதுங்க. முத நாளு திட்டுலயே அழுதுகினு வூட்டுக்கு வந்துடும். திட்டினா எதிர்த்துக் கேக்கப் பழகட்டும்."

ருக்குமணியை நினைவிருக்கும். கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் வீட்டுப் பெண். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் மிஞ்சியிருந்தது. உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள். சின்னசேலம் சாலையில் இருந்த ஜவ்வரிசி ஆலையில் எடை போட்டு மூட்டை தைக்கும் வேலைக்கு அவளைத் தயார் செய்திருந்தாய். ஆலையில் வரச் சொன்ன நாளில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. பேருந்து கிடையாது. நீ கையால் சுற்றி ஓட்டும் உன் வண்டியிலும், அவளும் நானும் நடந்துமாகக் கிளம்பினோம்.

வழியில் புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள்.

"எங்க போறீங்க?" என்றான் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவன்.

"வேலைக்குப் போய்க்கினு இருக்கோம்" என்றாய்.

"வேலை கேட்டுத்தானே நாங்க ரோட்டுல நிக்கிறோம்? நீங்க இன்னா தனியா?"

"நீங்க கேட்டுக்கினு இருங்க. நாங்க போய் வாங்கிகினு வந்துடறோம்."

சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் சிரிக்காமல் கேட்டான்: "இன்னா ஆளுங்க நீங்க?"

அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் ஆபத்தானது. நீ உன் காலைத் தட்டிக் காட்டினாய். "பாத்தா தெரியல? எங்க ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, எல்லாத் தெருவுலயும் இருக்காங்க. வூட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க, அதான் கூட்டம் சேரல."

பிறகு நால்வர் இறங்கி வந்து, உன்னை இறக்காமலே வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். கேள்வி கேட்டவனே உன் காதருகே குனிந்தான். "அண்ணே, எங்க சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கான். நடக்க வராது."

"கூட்டிகினு வா. திட்டு வாங்கத் தயாரா வரச் சொல்லு."

ஆலைக்குப் போனோம். முதலாளி நாற்காலியில் இருந்தார். மேஸ்திரி வந்து ருக்குமணியின் முன் நின்று ஏதோ உத்தரவு போட்டார். அவர் கன்னம் புடைக்க வெற்றிலை இருந்தது. உதடு அசையவே இல்லை. ஒரு பகல் முழுக்க அதே மேஸ்திரியைப் பார்த்து வந்தவன் நீ. அவர் திட்டுவதைக் கவனித்தாய், வாயைக் கவனிக்கவில்லை. கூடத்தில் வாயை நன்றாகத் திறந்துதான் அவளை ஏசியிருந்தாய். உன் விரல்கள் வண்டியின் கைப்பிடியை இறுக்குவதைப் பார்த்தேன்.

அவள் தலையாட்டவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள், வாசல் பக்கத்துச் சாக்கடையைக் காட்டினாள். பிறகு அந்தத் தட்டையான குரலில் சொன்னாள்: "துப்பிட்டு சொல்லுங்க."

சல்லடைப் பக்கம் நின்றவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி அவளையே பார்த்தார். போய்த் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்த மூட்டைய எடை போட்டுத் தையி. இப்பவாச்சும் புரிஞ்சுதா மகாராணிக்கு?"

"புரிஞ்சுது."

தைத்து முடித்ததும் அவரே முதலாளியிடம் சொன்னார்: "இருக்கட்டுங்க. இங்க இருக்கிறவன் ஒருத்தனும் நான் சொல்றது புரியலன்னு கேக்க மாட்டான். புரியாமயே தலையாட்டிட்டுத் தப்பா பண்ணுவான். இது கேக்குது."

மறுநாளிலிருந்து கூடத்து மேஸ்திரியான நீயும் வாயில் வெற்றிலையோடுதான் நின்றாய். சுண்ணாம்பு நாக்கைப் புண்ணாக்க, மோர் குடித்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டாய். உனக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. காது கேட்காத ஒவ்வொருவரும் உன்னைத் துப்பச் சொல்லும்வரை வேலைக்கு அனுப்பவில்லை. கிழக்கு மூலை சிவந்தது அப்படித்தான்.

போன மாசியில் நீ கண்ணை மூடிய பிறகு வெற்றிலை என் வாய்க்கு வந்தது. உன் அளவுக்குத் திட்ட எனக்கு வரவில்லை. எழுத்துத் தமிழில் திட்டுகிறேன் என்று சிரிக்கிறார்கள். பொங்கல் முடிந்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு காலணி ஆலை ஆள் எடுக்கிறது. எலவனாசூர்கோட்டை பாஸ்கர் அதற்காகப் பழகுகிறான். கரும்புச் சாறு இயந்திரம் அவன் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. முன்கையில் ஒரு மரப்பிடியைக் கட்டிக்கொண்டு தோல் தைப்பான். பூட்டு விழுவதற்கு முன்பு தையல் நேராக வரத் தொடங்கியிருந்தது. இப்போது ஓடாத இயந்திரத்தின் முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறான். இப்படியே பொங்கல் போனால் ஆலைக்குப் போய் அவன் தையல் கோணும். தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று எவனோ ஒருவன் நிம்மதியாக எழுதிக்கொள்வான்.

இன்று காலை பாஸ்கரை அழைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். "பாவம் சார், இவங்களுக்கு வண்டி கெடைக்கிறதே பெரிய விஷயம்" என்றார். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்றார், உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். சுத்தமான வாய். உதடுகள் நன்றாகவே அசைந்தன.

வெளியே வந்ததும் பாஸ்கர் கேட்டான்: "இன்னா சார் சொன்னாரு?"

"தெரியவில்லை."

"அப்புறம் எதுக்கு சார் தலையாட்டினீங்க?"

நேராகக் கூடத்துக்குத் திரும்பினேன். வெள்ளையடிப்பவர் கிழக்கு மூலையை நெருங்கியிருந்தார். அந்த மூலையை விட்டுவிடச் சொன்னேன். "கான்ட்ராக்டர் திட்டுவாரு சார்" என்றார். திட்டட்டும், பழகிக்கொள்ளலாம் என்றேன். கறை இருக்கிறது. அதை யாரும் தொட விடமாட்டேன்.

இந்த மடலின் தொடக்கத்தில் உள்ள நான்கையும் அப்படியே பெயர்த்தெழுதி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பூட்டு எந்த நாளில் திறக்கப்படும், திறப்பவர் யார், இயந்திரங்களை உள்ளே கொண்டுபோய் வைப்பவர் யார் என்று பெயரோடும் கையெழுத்தோடும் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பரிசீலனை என்ற சொல் அதில் இருக்கக் கூடாது. நீ பதில் எழுத வேண்டியதில்லை. அவர்கள் எழுத வேண்டும். மார்கழி பதினைந்து, மாலை ஐந்து மணிக்குள், எழுத்தில்.

அந்தத் தபாலின் கடைசி வரியாக ருக்குமணி சொன்னதைச் சேர்த்திருக்கிறேன். துப்பிவிட்டுச் சொல்லுங்கள்.