பனியில் பின்தங்கிய அத்தானுக்கு

என் பாசத்துக்குரிய அத்தான்,

நான் விடுமுறைக்குப் போய் வந்தேன். எங்கே என்று சொன்னால் சிரிப்பீர்கள். பின்லாந்தின் வட மூலைக்கு, ஜனவரி மாதத்தில், தன்னந்தனியாக. லண்டன் ஸ்ட்ரெதமில் நான் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்து முதலாளி, "காசு குடுத்துப் பனிக்குள்ளை சாகப் போறியோ?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

நீங்கள் இருந்திருந்தால் முதலில் நாள் பார்த்திருப்பீர்கள். உங்கள் சகுனப் பைத்தியம் ஊருக்கே தெரியும். போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடும் என்பீர்கள். நீங்கள் குடையை மறந்து படலையைத் தாண்டினால் அக்கா கூப்பிட மாட்டாள். நான்தான் வேலி பாய்ந்து ஓடி, உங்களுக்கு முன்னால் போய் நின்று குடையை நீட்ட வேண்டும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் கிடைத்ததும் மனது பனியைத்தான் கேட்டது. உங்களை விட்டுவிட்டு வந்த அந்த எல்லைக்குப் போகத் துணிவில்லை. பனி உள்ள வேறு ஊர் போதும் என்று நினைத்தேன்.

எண்பத்தாறில், எல்லையைக் களவாகக் கடத்திவிட வந்த ஏஜென்சிக்காரன் எங்களைப் பனிக்குள் வரிசையாக நடக்கச் சொன்னான். வாய் திறக்கக் கூடாது என்றான். நான் முன்னால், கடைசியாக நீங்கள். கொழும்பில் வாங்கிய உங்கள் சப்பாத்தில் ஒன்று அடி பிளந்து இழுபட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் அது நின்றது. நின்றதை நான் கவனித்தேன், அத்தான். கவனித்தும் திரும்பவில்லை. பயம். எங்களை ஏற்ற வந்த வான் வண்டி நின்ற இடத்தில்தான் திரும்பினேன். உங்களைக் காணவில்லை. ஏஜென்சிக்காரன் காத்திருக்க மறுத்துவிட்டான். நானும் ஏறிவிட்டேன். பனி கரைந்த பிறகு உங்களைக் கண்டெடுத்ததாகச் செய்தி வந்தது.

அக்காவுக்கு நான் எழுதியது வேறு கதை. காய்ச்சல், ஆஸ்பத்திரி, பக்கத்தில் நான். கடைசியாக அவள் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடினீர்கள் என்றும் எழுதினேன். தொண்ணூறில் அவளும் லண்டன் வந்து சேர்ந்தாள், என்னோடுதான் இருக்கிறாள். ஒவ்வொரு திவசத்திலும் சாப்பிட வந்தவர்களிடம் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லுவாள். நான் பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். எத்தனை வருடம் அப்படிப் போவது?

பின்லாந்தின் வடக்கில் மத்தியானத்திலும் சூரியன் எழும்பவில்லை. ஒரு நீல மங்கல் மட்டும். விடுதிக்காரப் பெண் முழங்கால் வரை வரும் சப்பாத்து இரவல் தந்தாள். காட்டோரமாக நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் பின்னால் காலடி கேட்டது. ஒரு கால் ஊன்றும், மற்றது இழுபடும். நான் நின்றால் அதுவும் நின்றது.

இந்த முறை திரும்பினேன். ஒருவரும் இல்லை. என் கால்தடம் மட்டும் நீளமாகக் கிடந்தது. "அத்தான்" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு உங்களோடு சண்டை பிடித்தேன். ஏன் என்னைக் கூப்பிடவில்லை? ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேனே? பழியை உங்கள் தலையில் போடப் பார்க்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் காலடி பனியோடு நிற்கவில்லை. விமான நிலையத்திலும் கேட்டது, எங்கள் வீட்டுப் படியிலும் கேட்டது. அக்கா கதவைத் திறந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரோடை வந்தனி?"

"தனியத்தான் அக்கா."

"இல்லை, ரெண்டு பேர் ஏறின மாதிரிக் கேட்டது."

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. பையைக்கூட இறக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி இல்லை, கடைசி வார்த்தை இல்லை, நான் திரும்பவில்லை என்று. அக்கா படியிலேயே இருந்துவிட்டாள். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் உன்னைக் கூப்பிடேல்லையோ?"

"இல்லை."

"கூப்பிட்டிருக்க மாட்டார். நீ போற காரியம் கெட்டுப்போகும் எண்டு பேசாமல் நிண்டிருப்பார்."

அத்தான், அப்படியா? உங்களுக்குப் பனி முழங்காலுக்கு ஏறும்போதும் என் சகுனத்தைத்தான் பார்த்தீர்களா?

அக்கா என்னை மன்னித்தாளா என்று தெரியாது. இந்த வருடத் திவசத்தில் கடைசி வார்த்தை பற்றி அவள் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் குசினிக்குள் போகவில்லை.

இனி எந்தத் தெருவில் என் பின்னால் காலடி நின்றாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம். நான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன், அத்தான். இனிக் கெட்டுப்போக ஒரு காரியமும் இல்லை. நீங்கள் கூப்பிடலாம்.

உங்களுக்கு முன்னால் நடந்த
உங்கள் மச்சான்