ப்ஸ்கோவில் எடுத்த படம்

1996 ஜனவரி 14, ஞாயிறு

தம்பி குகனின் படம் வெள்ளிக்கிழமை வந்தது. ப்ஸ்கோவ் என்ற பழைய ரஷ்ய நகரத்தில், கோட்டைச் சுவருக்கு முன்னால் பனியில் நின்று சிரிக்கிறான். பின்னால் ஒரு வெள்ளைத் தேவாலயம். ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்ட் அவனையும் கூடப் போனவர்களையும் சுற்றுலா விசாவில் கொண்டுபோயிருக்கிறான். எல்லை தாண்டும்வரை ஊர் பார்க்க வந்தவர்கள் போலத் திரிய வேண்டுமாம். "தேவாலயங்கள் நல்ல வடிவு அக்கா" என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தான். கோயில் பக்கமே போகாதவன்.

தடித்த ஓவர்கோட் ஒன்று போட்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. அவனிடம் நல்ல கோட் இருக்கிறது என்று கொழும்பிலிருக்கும் அம்மாவுக்கு உடனே கடிதம் எழுதினேன்.

இன்று இங்கே, எங்கள் நகரத்தின் ஒனிஹங்கா பகுதியில், பவளமக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் நந்தனும் குகனோடுதான் போயிருக்கிறான்.

"எங்களுக்கும் வந்தது, பாரும்" என்று அவர் நந்தனின் படத்தைத் தந்தார்.

அதே சுவர். அதே ஓவர்கோட். குகனின் படத்தில் இருந்தது போலவே மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.

அவர் கவனிக்கவில்லை. "பிள்ளையளுக்கு நல்ல கோட்தான் குடுத்திருக்கினம், என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். குகனின் படத்தைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

அம்மாவுக்கு எழுதிய கடிதம் இன்னும் மேசையில் கிடக்கிறது. கோட் பற்றிய அந்த வரியை வெட்டினால் ஏன் வெட்டினாய் என்று கேட்பார். அப்படியே ஒட்டிவிட்டேன்.

இங்கே ஜனவரி என்றால் கோடை; ஒரே வெக்கை, ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது. அங்கே பனியில் அவர்கள் பதினொரு பேர். அந்த ஒரு கோட்டைப் போட இப்போது யாருடைய முறையோ.