முகம் தெரிந்த தரை

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று நாய்க்குட்டியை உங்கள் மடியில் வைத்தபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "வெளியூர் வேலை முடிஞ்சு நான் திரும்பி வர்ற வரைக்கும் வளர்த்துக் கொடுங்க" என்றேன். அவன் என்னுடையவன் அல்ல. அம்மா போன பிறகு அந்த வீட்டில் உங்களைத் தனியாக விட்டுவர மனமில்லாமல் உங்களுக்காகத்தான் வாங்கினேன். அதைச் சொல்லியிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

தரை பாலிஷ் போடும் மெஷின் உங்கள் காதைத் தின்றுவிட்டது. போனில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்கிறது. அதனால் கடிதம். அவன் பெரிய இனம், ஒரு வயதுக்கு மேலும் வளர்வான். மூட்டு முற்றும்வரை படி ஏறக் கூடாது, கட்டிலிலிருந்து குதிக்கக் கூடாது. முக்கியமாக, குண்டாகக் கூடாது. உங்கள் தாராளக் கை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
மகள்

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்கோ. எனக்கு எதுக்கும்மா நாய்? உன் பொருள், நீ வந்ததும் பத்திரமா ஒப்படைச்சுடுவேன். முதலாளின்னு பேர் வச்சிருக்கேன். அவர் தூங்குறார், நான் வேலை பார்க்கிறேன்.

எலும்பு பலமாகட்டும்னு, என் முட்டிக்கு எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை ஆளுக்கு ஒண்ணா தின்னுட்டிருந்தோம். நாய் டாக்டரம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "பங்கு போட்டுச் சாப்பிட இவன் என்ன உங்க சம்பந்தியா? வளர்ற குட்டிக்குக் கால்சியம் அதிகமானா எலும்பு கோணிக்கும், பெரியவரே"ன்னாங்க. நிறுத்தியாச்சு. சாப்பாடும் இப்போ அளந்துதான். தட்டை நக்கிட்டு என்னைப் பார்க்கிற பார்வையில கடன்காரன் தோத்தான்.

பின்னங்கால்தான் சரியில்ல. கூடத்துல ஓடி வந்தா ரெண்டும் விரிஞ்சு போய், சுவர்ல முட்டித்தான் நிக்கிறான்.

அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

கோளாறு உங்கள் தரையில்தான். வாரமெல்லாம் ஊரார் வீட்டுத் தரையைத் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் மெஷினை ஓட்டுவீர்களே. அம்மா ஜன்னலோரம் குனிந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவுவாள். "ஒரு கண்ணாடி வாங்க வக்கில்ல, தரையைத் தேச்சு வச்சிருக்காரு" என்பாள். கண்ணாடி வாங்கிய பிறகும் தரையைத்தான் பார்த்தாள்.

வழுக்கும் தரையில் வளர்ந்தால் இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காராது. ரப்பர் விரிப்பு போடுங்கள். தரையை ஒன்றும் செய்ய வேண்டாம்.

இங்கே என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒப்புக்கொண்டேன். இதையும் சொல்லாமல் விடக் கூடாது.

மகள்

ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

வேலை விஷயம் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். நல்லா இரு.

விரிப்பு போட்டேன். முதலாளி கிழிச்சுத் தின்னுட்டார். வேற போட்டேன், அதுவும் போச்சு. டாக்டரம்மா இடுப்பை அமுக்கிப் பார்த்து, "இடது பக்கம் தளர்ந்திருக்கு. இப்படியே சறுக்கினா ஆயுசுக்கும் நொண்டிதான்"னாங்க.

பின்னறையில மூடி வச்சிருந்த மெஷினை வெளியே எடுத்தேன். இருக்கிறதுலயே முரட்டுத் தேய்ப்புக் கல்லா மாட்டி, கூடம் முழுக்க ஓட்டிட்டேன். உன்கிட்ட கேட்கல. கேட்டா வேண்டாம்பே. மெருகு ஏத்த எத்தனை ஞாயிறு ஆச்சு, இறக்க ஒரு மத்தியானம் போதுமா இருந்தது. சத்தத்துக்கு முதலாளி கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டார்.

ஜன்னலோரம் மட்டும் தொடல. அவன் கால் வைக்காம பெஞ்சைப் போட்டு மறிச்சிருக்கேன். குனிஞ்சா என் மூஞ்சி தெரியுது. அவ்வளவு நல்லா இல்ல.

அப்பா

ஏப்ரல் 25

அன்புள்ள அப்பா,

தவழும் வயதில், தரையில் தெரிந்த குழந்தைக்கு நான் முத்தம் கொடுப்பேனாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் குழந்தை இருந்த இடத்தில் இப்போது அவன் நடக்கிறான். நன்றாக நடக்கட்டும் அப்பா.

மகள்

அக்டோபர் 14

அன்பு மகளுக்கு,

இன்னிக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. இடுப்பு மூட்டு குழியில உட்கார்ந்திருக்காம். எடையை மட்டும் ஏற விடாதீங்கன்னாங்க.

டாக்டரம்மா கொடுத்த பழைய அட்டையில நாய் உன்னோடதுன்னுதான் எழுதியிருந்தது. இன்னிக்கு புது அட்டை. "யார் பேர் போடட்டும், பெரியவரே?"ன்னு கேட்டாங்க. என் பேரைச் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

அப்பா