முறிகண்டியில் எப்போதும் சிவப்பு

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முதலே சொன்னவன். எனக்கு முந்தி நீர் போவீர் என்றும், உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் எழுதச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள் என்றும் உமது முற்றத்தில் வைத்தே சொன்னேன். நீர் சிரித்தீர். இப்போது பாரும். உமது மகள் கொப்பியும் பேனையும் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "மாமா, அப்பாவைப் பற்றி எழுதுங்கோ. உங்களைப் பற்றி எழுதிப்போடாதேங்கோ" என்று ஒரு கட்டளை வேறு.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். நேற்று இருட்டுப்படுகிற மைம்மலில் அவள் குப்பிவிளக்கைக் கொளுத்தி வாசலில் வைத்தாள். திரி பற்றி மண்ணெண்ணெய் மணம் எழும்பியது. அவ்வளவுதான். மாங்குளத்தில் என் சைக்கிள் கடையின் பின்வளவு அப்படியே கண்முன் வந்து நின்றது. கவிழ்த்து வைத்த சைக்கிளுக்குப் பக்கத்தில் நீர் குந்தியிருக்கிறீர். தூரத்தில் வேலியோரம் ஒரு சின்ன வெளிச்சம். அதன் நிறம் என்னவென்று நீர் சொல்ல வேண்டும்.

உம்மைத் தெரியாதவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாளில் நீர் யாழ்ப்பாண மெயிலில் பயர்மன். இஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. என் தங்கச்சியைக் கட்டி மாங்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தீர். இன்னும் கொஞ்சக் காலத்தில் டிரைவராகிவிடுவீர் என்று எல்லோரும் கதைத்தார்கள். அதையும் முதலில் சொன்னவன் நான்தான். அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், கொதிகலனில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் உமது முகத்துக்கு நேரே வெடித்தது. அன்று காலையில் என் இடது கண் துடித்துக்கொண்டே இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஆசுப்பத்திரியில் கட்டு அவிழ்த்தபோது இரண்டு கண்ணும் தெரிகிறது என்றீர். தெரிந்தது உண்மை. ஆனால் இஞ்சினில் திரும்ப ஏறுவதற்குக் கண் சோதனை ஒன்று தேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருட்டறையில் இருத்தி, தூரத்தில் சின்ன விளக்குகளைக் காட்டி, சிவப்பா பச்சையா என்று கேட்பார்களாம். தேறினால் பழைய வேலை, பிறகு டிரைவர் உத்தியோகம். தேறாவிட்டால் ஒன்றும் இல்லை. தங்கச்சி அப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இருந்தது, நேற்று விளக்குக் கொளுத்தியவள்தான்.

நீர் சாப்பாட்டில் கைவைக்காமல் இருந்த ஒரு மத்தியானம் நான் வந்து சொன்னேன்.

"மச்சான், கவலையை விடும். உமக்கு ஒரு ரெயில் பாதையே செய்து தாறன். கைகாட்டி, விளக்கு எல்லாம் வைச்சு. பழகிக்கொண்டு போம்."

"நீர் மாங்குளத்துக்கு வடக்கால ரெயிலிலை போயிருக்கிறீரே?"

"போகாட்டில் என்ன? எல்லா ரெயிலும் என்ரை கடைக்குப் பின்னாலைதானே போகுது. சத்தத்தை வைச்சே பாதை கீறுவன்."

தங்கச்சி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அண்ணை அஞ்சாம் வகுப்பிலை இலங்கைப் படம் கீறி அடிவாங்கினவர். அதையும் கேட்டுப்போட்டு ஏறுங்கோ."

அவள் என்ன சொன்னாலும், மச்சான், மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரைக்கும் வடபகுதிப் பாதையை என் பின்வளவில் நான் போட்டேன். சைக்கிள் கம்பிகள்தான் தண்டவாளம். பாலைமரக் குச்சிகளைச் சீவிக் குறுக்கே அடுக்கினேன். வெறும் பால்ரின் டப்பா ஒன்று இஞ்சின். நெருப்புப்பெட்டிகள் அதன் பெட்டிகள். வேலிக் கதியால் தடியில் ஒரு நூல்கட்டையை அறைந்து அதைச் சுற்றி நூலை ஓடவிட்டேன். இந்தப் பக்கம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லில் நூலைக் கொளுவினேன். பெடலைக் கையால் சுற்றினால் ரெயில் வேலிப்பக்கம் போகும், விட்டால் நிற்கும். நடுவழியில் முறிகண்டிக்கு ஒரு கைகாட்டி, வேலியடியில் கிளிநொச்சிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் குப்பிவிளக்கு. நூலை இழுத்தால் சிவப்புக் கண்ணாடித்தாள் விளக்கை மறைக்கும், விட்டால் பச்சை. தாள் எல்லாம் இனிப்புச் சுற்றி வந்தவை.

நீர் பக்கத்தில் இருந்து பிழை பிடித்தீர். "இந்த இடத்திலை காடு தண்டவாளத்தை உரசிக்கொண்டு நிக்கும், செடி நடும். இஞ்சை ஒரு சின்ன ஏற்றம், மண்ணைப் போடும்." கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர். மூடியபோதுதான் உமக்குப் பாதை நன்றாகத் தெரிந்தது. அதில் உள்ள பயங்கரம் எனக்கு அப்போது படவில்லை.

கொழும்பிலிருந்து வந்த ரெயில்வே துரை ஒருவர் காரை நிறுத்தி, நம்முடைய பாதையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். தங்கச்சியைக் கேட்டால், அவர் முட்டை வாங்க வந்தவர், வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றினார் என்பாள். அது அவளுடைய கதை.

ஒவ்வொரு மைம்மலிலும் நீர் பெடலடியில், நான் கைகாட்டியடியில். ரெயில் கிட்ட வர நீர் நிறத்தைக் கூப்பிட வேண்டும். "முறிகண்டி, சிவப்பு" என்று நிறுத்துவீர். நான் பச்சைக்கு மாற்றி "போம்" என்று சத்தம் வைப்பேன். பிறகு, "கிளிநொச்சி, பச்சை." ஒருநாளும் பிழை விடவில்லை. முதல் நாளே நீர் என்னோடு சண்டைக்குக் கொளுவினீர்.

"ஓய், மெயில் முறிகண்டியிலை நிக்கிறேல்லை. ஏன் எப்பவும் சிவப்பைப் போடுறீர்?"

"றோட்டாலை போற பஸ், லொறி, மாட்டுவண்டில் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியிலை நிண்டுதானே போகுது? என்ரை மெயிலும் நிக்கும். அவரைக் கடந்து சும்மா போக எனக்குத் துணிவில்லை."

கைகாட்டியடியில் ஒரு கல்லைப் பிள்ளையார் என்று வேறு நட்டு வைத்திருந்தேன். நீர் தலையில் அடித்துக்கொண்டு நிறுத்தினீர். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம். நீர் எப்படிக் கூப்பிடுகிறீர் என்று பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு ஆசை. "தங்கச்சி, நீ போய் நூலைப் பிடி" என்றேன். "சோறு ஆறுது, ஒருக்கால்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் வேலிப்பக்கம் போய்க் குந்தினாள். அவளுக்கு என் முறை ஒன்றும் தெரியாது. நானும் சொல்லிவிடவில்லை. சோறு ஆறுகிற அவசரத்தில் முறிகண்டியில் பச்சையை விட்டாள்.

ரெயில் போனது. நீர் கண்ணை இடுக்கிப் பார்த்தீர்.

"முறிகண்டி. சிவப்பு."

பெடலை நிறுத்தினீர். நான் திரும்பிப் பார்த்தேன். பச்சை. வாழைக்குருத்து மாதிரிப் பச்சை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிற நேரம் நீர் பொறுத்திருந்துவிட்டு, ஒருவரும் "போம்" என்று சொல்லாமலே திரும்பவும் சுற்றத் தொடங்கினீர். அந்த நேரம் பார்த்து வேலிப் பூவரசிலிருந்து ஒரு சுள்ளி பாதைக்குக் குறுக்கே விழுந்தது. தங்கச்சி கிளிநொச்சிக் கைகாட்டியைச் சிவப்புக்கு இழுத்து நூலைக் காலுக்குள் மிதித்துக்கொண்டு, அதை எடுக்கக் குனிந்தாள்.

"கிளிநொச்சி. பச்சை" என்றீர்.

மச்சான், அது இரத்தச் சிவப்பு. நீர் வீடு வந்து சேர்கிறவர் மாதிரிச் சந்தோஷத்தோடு இன்னும் வேகமாகச் சுற்றினீர். "நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று தங்கச்சி கத்தினாள். பால்ரின் அவள் கையில் இடித்து, சரிந்து, குப்பிவிளக்கைத் தட்டிவிட்டது. எண்ணெய் ஊற்றுண்டு பூவரசம் சருகில் நெருப்புப் பற்றி அவளுடைய சேலைக் கரையைப் பார்த்து ஓடியது. ரியூப் ஓட்டை பார்க்கிற தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஒரே பாய்ச்சலில் வேலியடிக்குப் போனேன். இடையில் கிணறு ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் போனதாக எனக்கு நினைவில்லை. சட்டியோடு ஊற்றினேன். நெருப்பு அணைந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் நான் உமக்குப் பழக்கியது நிறத்தை அல்ல. நீர் விளக்கைப் பார்க்கவே இல்லை. முறிகண்டியில் சிவப்பு, பிறகு பச்சை என்ற என்னுடைய பிள்ளையார் பக்தியைத்தான் பாடமாக்கி வைத்திருந்தீர். நீர் எங்களை ஏமாற்றவில்லை. தெரிகிறது என்றே நம்பியிருந்தீர். உமது முகத்தைப் பார்த்தபோது அது தெரிந்தது.

தங்கச்சிதான் முதலில் வாய் திறந்தாள். "இது விளையாட்டு ரெயில். இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. நாளைக்கு ரெண்டு நிறம்தானே காட்டுவினம்? வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் பாதி சரி வரும்." சொல்லிக்கொண்டே நனைந்த சருகைக் கூட்டி அள்ளினாள். குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. "வேலை இல்லாமல் இந்தப் பிள்ளையை எங்கை கொண்டுபோய்ப் பெறுறது, அண்ணை? நீயாவது சொல்லு."

அப்போதுதான் நான் நிமிர்ந்து நின்று அந்தப் பேச்சைப் பேசினேன். மாங்குளம் முழுக்கத் தெரிந்த பேச்சு. சந்தியில் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். "மச்சான், நாளைக்கு நீர் போகப்படாது. உமக்குப் பின்னாலை வாற பெட்டியளுக்குள்ளை சனம் இருக்குது. பிள்ளைத்தாச்சியள் இருப்பினம், நித்திரையிலை இருப்பினம். அவையின்ரை உயிர் எல்லாம் உம்மடை கண்ணிலை தொங்குது. தங்கச்சி பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை" என்றேன். நீர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டீர்.

அடுத்தநாள் நீர் போனீர். இருட்டறைக்குள் போகவில்லை. அதிகாரியிடம், "ஐயா, எனக்கு நிறம் தெரியேல்லை. விளக்கைக் கொளுத்தி மினக்கெடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தீர்.

அதற்குப் பிறகு நீர் பட்டதை எழுத இந்தக் கொப்பி போதாது. ஸ்கந்தபுரத்தில் அரசாங்கம் கொடுக்கிற குடியேற்றக் காணி கிடைக்கும்வரை என் கடையின் பின்னறையில் இருந்தீர்கள். மகள் அங்கேதான் பிறந்தாள். காடு வெட்டும்போது பச்சைத் தடி எது, காய்ந்தது எது என்று தடவிப் பார்த்து வெட்டினீர். தங்கச்சி கனகாலம் உம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், பேசமாட்டாள். முதல் நெல் வீட்டுக்கு வந்த அன்று நீர் அதை அள்ளி அவள் கையில் கொடுத்தீர். அவள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, "இன்னும் காயவேணும்" என்றாள். அதுதான் அவள் உம்மோடு திரும்பப் பேசிய முதல் வார்த்தை. நீர் கதிரையில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டு வெகுநேரம் சிரித்தீர்.

உமது மகள் என்னுடைய பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். "மாமா சொல்லித்தான் அப்பா இஞ்சினை விட்டவர்" என்று பள்ளிக்கூடத்திலும் சொன்னாளாம். நீர் ஒருநாளும் மறுக்கவில்லை. நான் சொல்லும்போது நீரும் இருந்து கேட்டிருக்கிறீர், வெற்றிலையை மடித்துக்கொண்டு.

மச்சான், துரை தொப்பி கழற்றியது, நான் கிணற்றைத் தாண்டியது எல்லாம் அப்படியே கிடக்கட்டும். அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் இது உமது படத்துக்குக் கீழே அச்சில் வரப்போகிறது. அந்தப் பேச்சை நான் பேசவில்லை.

அன்று வேலியடியில் "நீயாவது சொல்லு" என்றுவிட்டுத் தங்கச்சி என்னைப் பார்த்தாள். நீரும் என் பக்கம் திரும்பி, "மச்சான், அது என்ன நிறமாய் இருந்தது?" என்று கேட்டீர்.

"மைம்மல் நேரம். எனக்கும் சரியாத் தெரியேல்லை" என்றேன்.

நீர் பாதையோரமாக நடந்துபோய், சேற்றில் கிடந்த கண்ணாடித்தாளைத் தேடி எடுத்தீர். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மேற்கில் மிஞ்சியிருந்த வெளிச்சத்தில் பார்த்தீர். பிறகு குந்தி, கவிழ்ந்து கிடந்த நெருப்புப்பெட்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தண்ணீரை உதறித் தண்டவாளத்தில் வைத்தீர்.

"இதுக்குள்ளை சனம் இருக்கும்" என்றீர். எனக்குச் சொல்லவில்லை. தங்கச்சிக்கும் சொல்லவில்லை.

இப்போதும் ரெயில் போகிற சத்தம் கேட்டால் நான் வெளியே போய் நிற்கிறேன். இஞ்சினைப் பார்ப்பதில்லை. அது போகட்டும் என்று விட்டுவிட்டு, பின்னால் வருகிற யன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கடைசிப் பெட்டி போகும்வரை.