மச்சினனுக்கு எழுதிய மெட்டு

ஜூன் 4
ரேடியோவில் என் காதல் பாட்டு ஓடியதாம். பேண்டுக்காரர்களின் கிண்டல் தாங்கவில்லை. சிரித்து முடிப்பதற்குள் தளபதி கூப்பிட்டனுப்பினார். எல்லையில் சண்டை.

சண்டை வந்தால் பேண்டுக்காரன் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போக வேண்டும். எங்கள் பட்டாளத்து வழக்கம் அது. வழியனுப்ப நான் புதிதாக ஓர் அணிவகுப்பு மெட்டுப் போட வேண்டுமாம். அதை வாசிக்கத் தேவையானவர்கள் மட்டும் இங்கே இருக்கலாம், மற்றவர்கள் கிளம்ப வேண்டும்.

அப்படியென்றால் யார் போவது என்று நானா எழுதப் போகிறேன்? என் தலையிலா இது விழ வேண்டும்?

ஜூன் 6
எல்லாருக்கும் எழுதிவிட்டேன், ஜால்ரா தட்டுகிறவருக்குக்கூட. தளபதி பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார். பாதியாகக் குறைக்க வேண்டும்.

ஜூன் 7
வீட்டில் மனைவி சாப்பிடவில்லை. எங்கள் கிளாரினெட்காரன் அவள் தம்பி. தாயில்லாத பிள்ளையை இவள்தான் வளர்த்தாள்.

"கேக்கக் கூடாதுதான். அவனுக்கு ஒரு இடம் வெச்சு எழுதுங்க."

வைத்தேன். நடுவில் எல்லாம் அடங்கி, கிளாரினெட் மட்டும். அணிவகுப்பில் எவனாவது இப்படி எழுதுவானா? டிரம்பெட்காரருக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகுட்டிக்காரர் —

ஜூன் 9
ஒத்திகை. முடிந்ததும் எல்லாரும் என்னைப் பார்க்காமல் வாத்தியத்தைத் துடைத்தார்கள். டிரம்பெட்காரர் மட்டும், நல்லா வந்திருக்கு மாஸ்டர் என்றார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பிறகு மச்சினன் வந்தான். "மாமா, இத டிரம்பெட்டுக்கு மாத்திடுங்க. நான் போறேன். இத வாசிச்சிட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கத்தினேன். உன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்றேன். அவனே சொல்லிக்கொள்வானாம். கழுதை.

ஜூன் 10
மாற்றிவிட்டேன்.

ஜூன் 12
போனார்கள். கடைசி வரிசையில் அவன். நடுப்பகுதி வந்தபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

ஆகஸ்ட் 20
தளபதி வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றினார். ஐயோ, என் தங்கமே.

அக்டோபர் 8
மெட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. பஸ்ஸில் சீட்டியடிக்கிறார்கள். இன்று ரேடியோ நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். டிரம்பெட் தனியாக வருகிற இடத்துக்கு வார்த்தை போட்டுத் தர வேண்டுமாம். என் பாட்டுகளிலேயே இதுதான் பெரிதாகப் போகுமாம். யோசிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆகஸ்டிலிருந்து என்னோடு பேசாதவள் உள்ளேயிருந்து வந்தாள்.

"அது என் தம்பியோட மூச்சுக்கு அளந்து எழுதினது. அதுல வார்த்தைக்கு இடமில்ல."

அவர் எழுந்து போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குத் தட்டு வைத்தாள்.