பினாங்குச் சிங்கம்

அன்பு மகளுக்கு உம்மா எழுதுவது.

பினாங்குப் பெட்டியைத் திறந்த அன்று இருந்தவர்கள் நான், நீ, உன் மகள் ஜொகரா, பெட்டி கொண்டுவந்த உன் கொழுந்தன் காசிம், உன் வாப்பா. பினாங்கிலிருக்கும் உன் புருஷன் கொடுத்துவிட்டதாகக் காசிம் சொன்ன பபுள்கம் தாளை நனைத்து, அதிலிருந்த சிங்கத்தை ஜொகரா கையில் ஒட்டிக்கொண்டாள். அது அழியக் கூடாதென்று நீ அவளைக் குளிக்கக்கூட விடவில்லை.

கடல் கடந்து சம்பாதிக்கப் போன சபராளி பெட்டியில் வந்தால் எல்லாமே சீமைச் சாமான் என்று நம்புகிறவர்கள் நாம். போன வாரம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அதே சிங்கத் தாள் காலடியில் கிடந்தது. மிட்டாய்க் கடைக்காரரிடம் காட்டி, பினாங்கிலிருந்து வந்ததா என்று கேட்டேன்.

"பினாங்கா? மதராஸ் சரக்கு ஆத்தா! ஜாடி நெறைய இருக்கு, பேத்திக்கு வாங்கிட்டுப் போங்க" என்று சிரித்தார்.

நேரே காசிமிடம் போய்த் தாளை நீட்டினேன்.

"அண்ணன் அங்கிட்டு வேற குடும்பம் வச்சிருக்காரு மாமி. ஒண்ணுமே குடுத்துவிடல. மதராசுல எறங்கி நாந்தான் வாங்குனேன். ஒங்க வீட்டு மாமாதான் அப்படிச் செய்யச் சொன்னாரு" என்று அழுதான்.

நீ காத்திருந்தது போதும். பிள்ளையோடு கிளம்பி வா. ஜமாஅத்தில் நானே பேசி உனக்கு விடுதலை வாங்குவேன்.

காசிமை விட்டுவிட்டேன். உன் புருஷனை அல்லாஹ் கேட்டுக்கொள்வான். உன் வாப்பா எல்லாம் தெரிந்துகொண்டே அன்று பபுள்கம்மை ஊதிக் காட்டிச் சிரித்தார். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவர் பேரை நான் சொன்னதில்லை. இன்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மீரா முகைதீனை மன்னிக்காத உன் உம்மா